முழங்காலில் நட்ட கொடி

தீர்த்தகிரியின் குடும்பத்துக்கு ஊரில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே சொல்வது ‘மலையேறி வூடு’. முதுகுக்குப் பின்னால் சொல்வது ‘துரையைத் தூக்குன வூடு’. முதல் பெயரைக் கேட்டால் எழுபத்திரண்டு வயதிலும் அவருடைய முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிரும். இரண்டாவது பெயர் காதில் விழுந்துவிட்டால் அன்றைக்குக் களி தொண்டையில் இறங்காது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிளிண்ட் என்று ஒரு வெள்ளைக்கார துரை, ஊரையெல்லாம் அளந்து படம் போடுவதற்காக நல்லம்பள்ளிப் பக்கம் வந்தான். ஊருக்கு மேற்கே நிற்கிற குந்துமலையின் உச்சிக்கு அவனுக்கு வழிகாட்டிக்கொண்டு போனவர் தீர்த்தகிரியின் முப்பாட்டன் கிருஷ்ணப்பன். உச்சியில் முதல் காலை வைத்தது கிருஷ்ணப்பன். துரை வைத்தது இரண்டாவது கால். மலையேறி வீட்டின் சரித்திரம் இவ்வளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான்கு தலைமுறை மார்பை நிமிர்த்தி நடந்திருக்கிறது.

குந்துமலை என்ற பெயர் சும்மா வரவில்லை. ஒரு மனுஷன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பது போலத்தான் அந்த மலை இருக்கும். ஊர்ப் பக்கமிருந்து பார்த்தால் முழங்கால் மட்டும் தெரியும். தலை அதற்குப் பின்னால் மறைந்திருக்கும். தலையைப் பார்க்க வேண்டுமென்றால் பாலக்கோட்டு ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தத் தலையில் முனியப்பன் இருக்கிறான். கறி, மீன் என்று கவிச்சி சாப்பிட்டவன் மூன்று நாளைக்கு முழங்காலைத் தாண்டக் கூடாது என்பது கட்டு. கவிச்சியை விடவும் மனசில்லை, முனியப்பனைப் பகைக்கவும் தைரியமில்லை என்பதால், ஊர் முழுக்கச் சேர்ந்து அடிவாரத்திலேயே ஒரு கோயிலைக் கட்டிப் பிரச்சினையை முடித்துக்கொண்டது.

மாசி மாதம் கடைசி வெள்ளியில் அங்கே பூசை. உச்சியில் முதலில் ஏறின வீட்டுக்கு முதல் மரியாதை. பூசாரி தலையில் பரிவட்டம் கட்டுவார். கட்டிக்கொண்டவர் முன்னால் நடக்க, ஊர் பின்னால் கோயிலை மூன்று சுற்று வரும். தீர்த்தகிரி இருபத்தெட்டு வருஷமாக அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறார். அவருக்கு நேர் பின்னால், இரண்டாவது மரியாதைக்காரராக, மாதேஸ்வரன் நடப்பார். மாதேஸ்வரன் தீர்த்தகிரிக்கு மச்சான் முறை. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். துரைக்குச் சோறாக்கிப் போட்டது அவருடைய முப்பாட்டன் என்பதால் அந்த வீட்டுக்கு இரண்டாவது இடம்.

“முதுகையே பாத்துக்கிட்டு இருபத்தெட்டு வருசம் நடந்தாச்சு மச்சான்” என்பார் மாதேஸ்வரன். “அந்தத் துரையும் உங்க முப்பாட்டன் முதுகைத்தான் பாத்திருப்பான். மேல உக்காந்துக்கிட்டு.”

இதில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மலையேறி வீட்டில் கிருஷ்ணப்பனுக்குப் பிறகு ஒருவரும் மலை ஏறியதில்லை. ஏற்கெனவே ஏறியாயிற்று, மறுபடி எதற்கு என்பது குடும்பத்தின் கொள்கை.

பூசைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சுசித்ரா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தருமபுரியில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவள். இமயமலையில் பதினேழாயிரம் அடி ஏறி, மூக்குத் தோல் உரிந்து திரும்பி வந்தவள். லீவு நாளானால் மற்றவர்கள் துணி துவைப்பார்கள். இவள் ஏதாவது ஒரு மலையைத் தேடிப் போய்விடுவாள். பழைய காலத்து அளவைக்காரர்கள் போன வழியிலெல்லாம் தானும் ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதுவது அவளுடைய பைத்தியம்.

“ஐயா, பிளிண்ட் துரையோட டைரி கெடச்சிருக்குதுங்க. சென்னைக்குப் போயி பக்கம் பக்கமா போட்டோ எடுத்துட்டு வந்தேன். உங்க முப்பாட்டன் பேரு அதுல இருக்குது.”

தீர்த்தகிரி எழுந்து உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெறும் உடம்போடு முப்பாட்டன் பெயரைக் கேட்பது மரியாதையில்லை. அவருடைய மனைவி குள்ளம்மாள் அரைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

சுசித்ரா செல்போனைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். “‘நேற்று இரவு கிஸ்தினப்பாவும் நானும் ஒரு கோழியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அவன் பங்கு பெரியது.’”

“துரையும் அவரும் சரிசமமா உக்காந்து சாப்பிட்டிருக்காங்க” என்றார் தீர்த்தகிரி மனைவியைப் பார்த்து. “கேட்டுக்க.”

“‘இன்று காலையிலிருந்து என் வயிறு கலகம் செய்கிறது. கூடாரத்தை விட்டு ஐம்பது கஜம் போவதே பெரும் பாடு. அதுவும் மலைப் பக்கம் அல்ல. ஆகவே கொடியையும் கடப்பாரையையும் கொடுத்து, பாறையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி போட்டு நடச் சொல்லி, கிஸ்தினப்பாவை மட்டும் உச்சிக்கு அனுப்பினேன். பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைநோக்கியில் பார்த்தபோது உச்சியில் கொடி பறந்தது. அதைக் குறி வைத்து உயரத்தைக் கணக்கிட்டேன். மூவாயிரத்துப் பன்னிரண்டு அடி.’” சுசித்ரா நிமிர்ந்தாள். “ஆனா லண்டனுக்கு அனுப்புன அறிக்கையில, ‘நான் குந்துமலை உச்சியில் நின்றபோது’ன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் எழுதியிருக்காருங்க. சூரிய உதயமெல்லாம் வருது.”

“அப்ப துரை ஏறவே இல்லை?”

“இல்லீங்க.”

“எங்காளு மட்டும்தான்?”

“டைரிப்படி அப்பிடித்தாங்க.”

“அப்ப யாரும் யாரையும் தூக்கல” என்றாள் குள்ளம்மாள். “இனிமேலாவது இவரு ஒழுங்கா சாப்புடுவாரு.”

பத்து மணிக்குள் தீர்த்தகிரி டீக்கடையில் இருந்தார். பதினோரு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. துரை கூடாரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்த நேரத்தில், கிருஷ்ணப்பன் ஒற்றை ஆளாகக் குந்துமலையை ஏறி வென்றார் என்பதை அவர் ஏழு தடவை சொன்னார். ஏழாவது தடவையில் வழியில் ஒரு சிறுத்தையும் வந்துவிட்டது.

மாதேஸ்வரன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “எல்லாம் சரி மச்சான். அந்தக் கோழி எந்த வூட்டுக் கோழி? எங்க வூட்டுக் கோழி. வெள்ளைக்காரனையே நாளு முழுக்கக் குந்த வெச்ச கோழி. அதுக்கு என்ன மரியாதை?”

“உங்க வூட்டுச் சமையலுக்குத் துரையே சர்ட்டிபிகேட் குடுத்துட்டாரு. அது போதாதா?”

கடை சிரித்தது. மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. “உச்சியில குழி போட்டுக் கொடி நட்டாருன்னு நீதான சொல்ற? பாறையில போட்ட குழி எங்கயும் போயிருக்காது. அந்தப் பொண்ணு வர்ற ஞாயித்துக்கிழமை மேல போவுதாமே. நானும் போறன். குழி இருந்தா, பூசை அன்னைக்கு ஊரு முன்னால உன் காலைத் தொட்டுக் கும்புடறன். இல்லைன்னா பரிவட்டம் எங்க வூட்டுக்கு.”

டீக்கடை முழுக்கத் தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்தது.

“நானும் வர்றன்” என்றார் தீர்த்தகிரி. சொன்ன பிறகுதான் தன்னுடைய காலைப் பற்றி நினைத்துக்கொண்டார்.

குள்ளம்மாள் அன்றைக்குச் சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தாள். “மொட்டை மாடிக்குத் தண்ணித் தொட்டி பாக்கப் போறதுக்கே என் தோளைப் புடிச்சுக்கறீங்க. அங்க யாரு தோளைப் புடிப்பீங்க? முனியப்பன் தோளையா?”

“எங்க ரத்தத்துல மலை இருக்குது.”

“ரத்தத்துல சக்கரைதான் இருக்குது. போன மாசந்தான் டாக்டரு சொன்னாரு.”

வியாழக்கிழமையிலிருந்தே அவர் கவிச்சியைத் தொடவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு அடிவாரத்தில் போய் நின்றார். சுசித்ரா வனத்துறையில் வாங்கிய அனுமதிக் கடிதமும், முதுகில் ஒரு பையும், உயரம் காட்டுகிற கைக்கருவியுமாக வந்திருந்தாள். மாதேஸ்வரன் குடையும் ஒரு பை நிறைய முறுக்கும் கொண்டுவந்திருந்தார்.

முதல் அரை மணி நேரம் இரண்டு பெரியவர்களும் போட்டி போட்டு நடந்தார்கள். மூச்சு வாங்குவதை ஒருவருக்கு ஒருவர் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, ஆளுக்கொரு பக்கம் திரும்பி இயற்கைக் காட்சியைப் பார்த்தார்கள். இரண்டாவது அரை மணி நேரத்தில் மாதேஸ்வரனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

“முப்பத்தி ரெண்டு வருசம் ஓடுற பஸ்ஸுல நின்ன காலு” என்றார் வருத்தத்தோடு. “நிக்கற மலையில நடக்க மாட்டேங்குது. நீ போ மச்சான். குழி எங்க இருக்குதுன்னு வந்து நெசத்தைச் சொல்லு. உன் முனியப்பன் மேல ஆணை.”

அதற்கு மேலே பாதை இல்லை. பாறைதான். சுசித்ரா கையால் பிடிக்க வேண்டிய இடத்தையும் காலை வைக்க வேண்டிய இடத்தையும் சொல்லச் சொல்ல, தீர்த்தகிரி நாலு காலில் ஏறினார். மலையேறி வீட்டு ஆண்பிள்ளை இந்தக் கோலத்தில் இருப்பதைப் பார்க்க ஊர்க்காரன் ஒருவனும் இல்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பயத்தை மறக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது.

“இந்த மாதிரி ஊரு ஊராப் போயிக் கண்டுபுடிச்சவங்கள்லாம் பெரிய வீரனுங்கதான், இல்லம்மா?”

“வீரந்தாங்க. ஆனா பாதிப் பேரு வழி தப்பிப் போனவங்க. கொலம்பஸ் இந்தியாவுக்குன்னு கெளம்பி வேற எடத்துல எறங்கினாரு. கடைசி வரைக்கும் அதை ஒத்துக்கவே இல்லை. அங்க ஏற்கெனவே ஜனங்க குடியிருந்தாங்க. அவங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.”

“துணைக்கு ஆள் இல்லாமப் போயிருப்பாரு” என்றார் தீர்த்தகிரி. “நம்மாளு மாதிரி ஒருத்தரு இருந்திருந்தா நேராக் கொண்டாந்து விட்டிருப்பாரு.”

ஒன்பது மணிக்கு முழங்காலுக்கு வந்து சேர்ந்தார்கள். பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம் போல ஒரு தட்டைப் பாறை. கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. பாறையின் நடுவில் கற்களைக் குவித்து வட்டமாக வைத்திருந்தது. வட்டத்துக்கு நடுவில் ஒரு குழி.

சுசித்ரா குனிந்து, விரலை விரித்து அளந்தாள். ஒரு சாண். உளி போட்டது போல ஓரமெல்லாம் சீராக இருந்தது. கைக்கருவியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். எழுந்து நின்று, பின்னால் இன்னும் ஒரு பனைமர உயரம், அதற்கு மேல் இன்னொரு பனைமர உயரம் என்று உயர்ந்து நின்ற தலைப் பாறையை அண்ணாந்து பார்த்தாள். தீர்த்தகிரியைப் பார்க்கவில்லை.

“சொல்லும்மா” என்றார் அவர்.

“தொள்ளாயிரத்திப் பதினெட்டு மீட்டருங்க. அடியில சொன்னா மூவாயிரத்திப் பன்னெண்டு.”

“துரை சொன்ன அதே உயரம்.”

“ஆமாங்க. கொடி இங்கதான் நட்டிருக்குது. கீழ இருந்து பாத்தா இதுதான உச்சி மாதிரி தெரியும்? பின்னால இருக்கற தலை துரைக்குத் தெரியல. கொடி பறந்துச்சு, அவரு அளந்துட்டாரு. அதுக்கப்புறம் வந்தவங்க அவரைப் பாத்து எழுதிட்டாங்க. உண்மையான உச்சி, என் கணக்குக்கு, இன்னும் நூத்தி எழுபது அடி மேல இருக்குதுங்க.”

தீர்த்தகிரி கற்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளூர்க்காரனுக்கு முழங்கால் எது, தலை எது என்று தெரியாதா? கிருஷ்ணப்பனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இதே பாறையில் கடப்பாரையோடு நின்று, மேலே பார்த்திருப்பார். அப்போது முந்தின நாள் இரவு சாப்பிட்ட கோழி ஞாபகத்துக்கு வந்திருக்கும். அதுவும் பெரிய பங்கு. தாண்டினால் முனியப்பன் சும்மா விடமாட்டான். தாண்டாவிட்டால் துரை சும்மா விடமாட்டான். இரண்டு பேரில் எவன் கண்ணுக்குத் தொலைநோக்கி வேண்டியிருக்கிறது என்று யோசித்து, அவனை ஏமாற்றிவிட்டு இறங்கியிருக்கிறார்.

கோழி இவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று தீர்த்தகிரி நினைக்கவில்லை.

“நான் இதை எழுதித்தாங்க ஆகணும்” என்றாள் சுசித்ரா மெதுவாக. “உயரம் தப்பா இருக்குதுன்னு சொல்றப்ப, ஏன் தப்புன்னும் சொல்லணும்.”

“வெள்ளிக்கிழமை பூசை முடியற வரைக்கும் வாயைத் தொறக்காதம்மா. அதுக்கப்புறம் எழுது.”

அவள் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினபோது, அவர் காலால் ஒரு கல்லைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. நகர்ந்திருந்தாலும் குழியை எங்கே தள்ளுவது? உடனே வெட்கமாகிவிட்டது. மலையேறி வீட்டில் திருட்டு வேலைக்கு இடமில்லை; இருந்த ஓர் இடத்தையும் முப்பாட்டன் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அப்புறம் ஒரு நப்பாசை வந்தது. இங்கே நட்டுவிட்டு, சும்மாவாவது மேலே போய்ப் பார்த்திருக்கலாம் அல்லவா? அங்கேயும் ஏதாவது அடையாளம் இருக்கலாம். “வாம்மா” என்று எழுந்தார்.

அந்த நூற்றெழுபது அடிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேட்டி இரண்டு இடத்தில் கிழிந்தது. கடைசியில் வயிறு பாறையில் உரச, மூக்கை முதலில் நீட்டிக்கொண்டு, மலையேறி வீட்டு ஆள் ஒருவர் குந்துமலையின் உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

மூக்குக்கு நேரே ஆட்டுப் புழுக்கை கிடந்தது. ஈரமாக இருந்தது.

“யாரு, மலையேறி வூட்டு மாமாவா?” என்று ஒரு குரல் கேட்டது. “என்னா இந்தப் பக்கம்?”

முனியப்பன் என்று வைத்திருந்த மூன்று கற்களுக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்து, செல்லி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். கீழ்த் தெருவில் இருக்கிற அறுபது வயதுக்காரி. அவளைச் சுற்றி ஏழெட்டு ஆடுகள். ஒரு கறுப்புப் பெட்டை, பின்னங்காலில் நின்று எதையோ எட்டித் தின்றுகொண்டிருந்தது.

“நீ எப்பிடி இங்க வந்த?” என்றார் தீர்த்தகிரி, படுத்தவாக்கிலேயே.

“எப்பயும் வர்ற மாதிரிதான். பாலக்கோட்டு ரோட்டுப் பக்கம் தடம் இருக்குதே. நீங்க எதுக்கு சுவத்துல பல்லி மாதிரி இந்தப் பக்கமா வர்றீங்க?”

“எத்தினி வருசமா வர்ற?”

“கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து. நாப்பது வருசம் ஆவும்.”

“கவிச்சி தின்னுட்டு?”

“எனக்கு எங்க மாமா கவிச்சி? ரேசன் அரிசிக்கே பல்லு இல்ல.”

சுசித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தீர்த்தகிரி எழுந்து உட்கார்ந்து, உச்சிப் பாறை முழுக்கக் கண்ணால் தேடினார். குழி இல்லை. கல் குவியல் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

“கீழ முழங்கால்ல ஒரு குழி இருக்குதே, பாத்திருக்கியா?” என்று செல்லியைக் கேட்டார்.

“அதா? நல்ல குழி. அந்தப் பக்கம் எறங்குனா அதுல கம்பை நட்டுச் சோத்துத் தூக்குப்போசியை மாட்டிப்பன். எறும்பு ஏறாது. எந்தப் புண்ணியவான் போட்டானோ!”

புண்ணியவானின் கொள்ளுப்பேரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு பக்கம் திரும்பினார். அப்போதுதான் கீழே பார்த்தார். தக்காளித் தோட்டங்களெல்லாம் பாய் விரித்தது போலக் கிடந்தன. பெங்களூர் ரோட்டில் லாரிகள் எறும்பாக ஊர்ந்தன. ஊர், கோயில், டீக்கடை எல்லாம் ஒரு கைக்குள் அடங்கின. நீலத் தண்ணீர்த் தொட்டியை வைத்துத் தன்னுடைய வீட்டை அடையாளம் கண்டுபிடித்தார். மாதேஸ்வரனின் வீடும் அதே அளவுதான் இருந்தது. இவ்வளவு காலமும் அது கொஞ்சம் சின்னது என்று நினைத்திருந்தார்.

இறங்கலாம் என்று சுசித்ரா கூப்பிட்டபோது, “இரும்மா, இன்னும் கொஞ்ச நேரம்” என்றார்.

செல்லி காட்டின தடத்தில் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மாதேஸ்வரன் முறுக்கை முடித்துவிட்டு எப்படியோ அடிவாரத்துக்கு வந்திருந்தார்.

“மச்சான், குழி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எங்க இருந்துச்சு?”

“வெள்ளிக்கிழமை சொல்றன்.”

அந்த ஐந்து நாளும் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கால் வலி என்று ஊர் நினைத்தது. அதுவும் பொய்யில்லை. வியாழக்கிழமை குள்ளம்மாள் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டாள். “அந்தப் பொண்ணு பூசைக்கு அப்புறந்தான எழுதப் போவுது? இந்த வருசத்தை ஓட்டிடுங்களேன். துணியைக் கட்டிக்கிட்டு வந்துடுங்க.”

“அப்புறம் அது பேப்பர்ல வரும். அந்த மாதேசன் அதை டீக்கடையில, பஸ்ஸுல ‘உள்ள போ உள்ள போ’ன்னு கத்துன அதே தொண்டையில படிப்பான். எங்க வூட்டு மானத்தைக் கெடுக்கறதுன்னா அதையும் நாங்கதான் செய்யணும். வெளியாளுக்கு அந்த உரிமை கெடையாது.”

வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. சுசித்ராவும் வந்திருந்தாள். பொங்கல் இறக்கியாயிற்று. பூசாரி மடித்த பரிவட்டத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு தீர்த்தகிரியின் முன்னால் வந்து நின்றார். தீர்த்தகிரி கையை உயர்த்தினார்.

“நில்லுங்க. எல்லாருக்கும் ஒரு சேதி. எங்க முப்பாட்டன் கிருஷ்ணப்பன் உச்சிக்கு ஏறல.”

பறைக்காரர்கூடக் குச்சியை நிறுத்திவிட்டார்.

“முழங்காலோட நின்னுட்டாரு. மொத நாளு கோழி தின்னுட்டாரு. அதான் முனியப்பனுக்குப் பயந்து தாண்டல. கொடியை அங்கயே நட்டுட்டு, உச்சியில நட்டேன்னு துரைகிட்டச் சொன்னாரு. துரையும் நம்பிட்டான். அன்னையிலேருந்து இந்த மலைக்குப் படத்துல நூத்தி எழுபது அடி கொறச்சல்.” அவர் மூச்சு வாங்கினார். கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். “எதுக்குச் சிரிக்கறீங்க? கொலம்பஸுன்னு ஒருத்தன் நம்ம நாட்டுக்குன்னு கெளம்பி வேற நாட்டுக்குப் போனான். அவனுக்கு ஊரு ஊராச் செலை வெச்சிருக்காங்க. எங்காளு நூத்தி எழுபது அடிதான் தப்புனாரு. அதுவும் தெரிஞ்சே தப்புனாரு. வெள்ளைக்காரன் ராஜாங்கத்தையே ஒரு கொடியை வெச்சு நூத்தம்பது வருசம் ஏமாத்துனாரு. அந்த மாதிரி ஏமாத்துன வூடு இன்னொண்ணு இந்த ஜில்லாவுல இருந்தாக் காட்டுங்க.”

விசில் பறந்தது. குள்ளம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“ஆனா பரிவட்டம் ஏறுனவனுக்கு” என்று முடித்தார் தீர்த்தகிரி. “பொய்யா வாங்குன துணி எங்க வூட்டுக்கு வேண்டாம்.”

மாதேஸ்வரன் இரண்டு எட்டில் முன்னால் வந்தார். “அப்ப எங்க வூட்டுக்குத்தான். பேச்சு அப்பிடி.”

“உன் வூட்டுல யாரு ஏறுனது?” என்றார் தீர்த்தகிரி. “நீ புளியமரத்தடி வரைக்கும் ஏறுன. உன் கோழி ஏறுச்சா?”

“கோழி இல்லைன்னா உன் முப்பாட்டன் ஏறியிருப்பாரு இல்ல? அப்ப எல்லாத்துக்கும் காரணம் எங்க கோழிதான?”

பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது. “யாருதான்யா மொதல்ல ஏறுனது? யாராவது ஒருத்தரு தலையைக் காட்டுங்க, கட்டிட்டுப் போறன்.”

“செல்லி” என்றார் தீர்த்தகிரி. “நாப்பது வருசமா ஏறுது. நான் கண்ணால பாத்தன்.”

கூட்டத்தின் ஓரத்தில், ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்ற செல்லியை எல்லோரும் முன்னால் தள்ளினார்கள். அவள் பதறினாள்.

“ஐயோ, எனக்கு எதுக்கு சாமி துணி? நானா எங்க ஏறுனன்? மேயறதுக்குக் கீழ இல்லைன்னு ஆடு ஏறுச்சு. அதைப் புடிக்க நான் பின்னால போனன். எங்க மாமியா காலத்துலயும் ஆடுதான் முன்னால போவும். அவங்களுக்கு முன்னால இருந்தவங்க காலத்துலயும் அப்பிடித்தானாம்.”

“எந்த ஆடு?” என்றார் பூசாரி.

“இந்தக் கறுப்பியோட ஆயா, அதோட ஆயா. எல்லாம் ஒரே வம்சம்.”

ஊர் கொஞ்ச நேரம் யோசித்தது. ஏறாத ஆளுக்கு, முப்பாட்டன் ஏறினதாகச் சொல்லி இருபத்தெட்டு வருஷம் துணி கட்டியாயிற்று. இந்த ஆட்டின் பாட்டியும் ஏறியிருக்கிறது, இதுவும் ஏறுகிறது. கவிச்சியும் தின்பதில்லை. கட்டு, முறை, பரம்பரை எதை வைத்துப் பார்த்தாலும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

மாதேஸ்வரன் மட்டும், “ஆட்டுக்கா? அக்கிரமம்!” என்றார்.

தீர்த்தகிரி தட்டிலிருந்து பரிவட்டத்தை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே தவிர, கட்டிவிட்டதில்லை. குனிந்து, கறுப்பியின் இரண்டு கொம்பையும் சேர்த்து, முடிச்சு நழுவாமல் இறுக்கிக் கட்டினார். ஆடு ஒரு தடவை தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, சரி என்பது போல நின்றது.

பறை முழங்கியது. முதல் மரியாதை முன்னால் நடக்க வேண்டும். கறுப்பி நடந்தது, செல்லி கயிற்றோடு ஓடினாள். இரண்டாவது மரியாதை நேர் பின்னால் நடக்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மாதேஸ்வரனுக்கு வேறு வழியில்லை; செருப்பில்லாத காலோடு ஆட்டுக்குப் பின்னால் போய் நின்றார். மூன்றடி போவதற்குள் கறுப்பி வாலைத் தூக்கியது. மாதேஸ்வரன் குதித்துத் தாண்டினார்.

சாதாரண ஜனங்களோடு சேர்ந்து, வெறுந்தலையோடு, மூன்றாவது வரிசையில் தீர்த்தகிரி நடந்தார். முதுகு எப்போதும் போல நிமிர்ந்துதான் இருந்தது. மூன்று சுற்றிலும் அவர் கண்ணை எடுக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். மாதேஸ்வரன் ஒவ்வொரு அடிக்கும் கீழே குனிந்து பார்த்துப் பார்த்துக் காலை வைத்துக்கொண்டிருந்தார்.